தண்ணி குறையற வண்டி

பிக்கப் வண்டி வைத்திருப்பவனிடம் வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டால் கோளாறைச் சொல்ல மாட்டான். தன் யோக்கியதையைச் சொல்வான். வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருப்பதாகவும், தான் ஓட்டுகிற மாதிரி இந்த ஜில்லாவில் ஒருவனும் ஓட்டுவதில்லை என்றும், அப்படியும் இந்த இஞ்சின் தன்னை ஏமாற்றிவிட்டது என்றும் கால் மணி நேரம் பேசுவான். விழுப்புரத்தில் ஒரு வண்டிக் கம்பெனியின் ஷோரூமோடு சேர்ந்த சர்வீஸ் ஸ்டேஷனில், வாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டு எழுதுவதுதான் என் உத்தியோகம்.

நான் 1993-ல் அங்கே சேர்ந்தது ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் கொடுக்கிற ஆளாக. என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று யாரோ முதலாளியிடம் சொல்ல, இரண்டு வருடத்தில் என்னைப் புகார் எழுதும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். இஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கையெழுத்து மட்டும்தான் என் தகுதி. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு நான் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல.

ஜாப் கார்டு என்பது எண் அச்சடித்த தாள். கார்பன் வைத்து எழுதினால் மூன்று பிரதி விழும். மேலே ஒரு கட்டம். வண்டிக்காரர் தன் வாயால் என்ன சொன்னாரோ அதை அப்படியே அதில் எழுத வேண்டும், ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்பது கம்பெனி வைத்த சட்டம். எழுதியதன் கீழே அவர் கையெழுத்துப் போடுவார். வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால் கார்டின் ஒரு பிரதி கம்பெனி இன்ஸ்பெக்டர் கைக்குப் போகும். கெட்டுப்போன பாகத்தைக் கம்பெனி இலவசமாகத் தருமா, இல்லை உன் தலையெழுத்து என்று கைவிரிக்குமா என்பதை அவர் அந்தக் கட்டத்தைப் படித்துத்தான் முடிவு பண்ணுவார்.

ஆனால் அந்தக் கட்டத்தில் எழுதுகிற மாதிரி எவன் பேசினான்? வளவனூரிலிருந்து கரும்பு ஏற்றுகிற ஒருவர் வருவார். வண்டிக்கு இழுவையே இல்லை என்று மாதம் ஒரு முறை புகார். எவ்வளவு ஏற்றினீர்கள் என்று கேட்டால் ஒரு டன்னுக்கு மேல் ஒரு கட்டுகூட ஏற்றியதில்லை என்று சத்தியம் செய்வார். பின்பக்கம் போய்ப் பார்த்தால் பாரம் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை நேராகி, அதையும் தாண்டி மறுபக்கம் வளைந்து கிடக்கும். ஒரு டன்னுக்கு எந்தப் பட்டையும் அப்படி வளையாது. ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். இவர் தெருவைக்கூடச் சொல்லவில்லை, இஞ்சினைச் சொன்னார்.

சத்தம் என்று வருகிறவர்கள் இன்னொரு ரகம். எங்கே சத்தம் வருகிறது என்று சொல்லத் தெரியாது. எப்படி வருகிறது என்று வாயால் செய்துகாட்டுவார்கள். நரைத்த மீசையும் சலவைச் சட்டையுமாக ஊரில் பஞ்சாயத்துப் பண்ணுகிற பெரிய மனிதர், என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு கன்னத்தை உப்பவைத்து "கொர்ர்ர்" என்பார். பிறகு யோசித்து, அது இரண்டாவது கியரில் என்றும், மூன்றாவதில் "கீச்" என்றும் திருத்துவார். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு, இன்னொரு தடவை செய்துகாட்டச் சொல்வேன். தேவையே இல்லை. என் சந்தோஷத்துக்காகச் சொல்வேன்.

பனமலைப் பக்கத்திலிருந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை ஏற்றும் வியாபாரி ஒருவர். வண்டி கரும்புகையாகக் கக்குகிறது, கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று கத்துவார். டேங்க் மூடியைத் திறந்தால் ரேஷன் மண்ணெண்ணெய் வாடை மூக்கைத் துளைக்கும். டீசலோடு மண்ணெண்ணெய் கலக்கிறீர்களா என்று கேட்டால், தன் வீட்டில் அடுப்புக்கே மண்ணெண்ணெய் இல்லை என்று கண்ணில் நீர் வைத்துச் சொல்வார். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று? ஆனாலும் சட்டம் சட்டம்தான். அவர் வாயால் சொன்னதை முத்து முத்தாக எழுதிக்கொண்டேன்.

எல்லாருக்கும் மேல் கூட்டேரிப்பட்டுக்காரர். வண்டி வாங்கி ஆறு மாதத்தில் இஞ்சின் சூடேறுகிறது, உலை மாதிரி கொதிக்கிறது என்று வந்தார். போய்ப் பார்த்தால் ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிற முன்பக்க ஜன்னல் முழுவதையும் மூடி, குலதெய்வத்தின் பெயரைத் தகரத்தில் எழுதி அடித்து வைத்திருந்தார். எங்கள் போர்மேன் அதைக் கழற்றப் போனதும் அண்ணன் தம்பி என்று நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஒரு பொழுது பஞ்சாயத்து நடந்து, கடைசியில் தெய்வத்தை டிரைவர் தலைக்கு மேலே கேபினில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. சூடு நின்றுவிட்டது. சாமி உயரமாக உட்கார்ந்த பிறகுதான் வண்டி குளிர்ந்தது என்று அவர் பத்துப் பேருக்குச் சொன்னார். அந்தப் பத்துப் பேரும் எங்களிடமே வண்டி வாங்கித் தகரம் அடித்துக்கொண்டார்கள்.

இப்படித்தான் என் வருடங்கள் போயின. ஆயில் மாற்றாதவன் மாற்றினேன் என்றான். பில்ட்டரைக் கழற்றி எறிந்தவன், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றான். மைலேஜ் தரவில்லை என்று அழாதவன் ஒருவனும் இல்லை. அவன் டிரைவர் டேங்கில் குழாய் போட்டு டீசலை உறிஞ்சி விற்பது அவன் தெருவுக்கே தெரியும். நான் எல்லாவற்றையும் எழுதினேன். மனதுக்குள் ஒவ்வொருவன் நெற்றியிலும் பொய்யன் என்று எழுதினேன். எனக்கு முன்னால் நின்று ஒரே ஒருவன் உண்மை பேசினால் அவனுக்கு எழுந்து நின்று கும்பிடு போடுவேன் என்று போர்மேனிடம் சொல்வேன். போர்மேன் அதிகம் பேசாத மனிதர். அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

எங்கள் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். புது வண்டிக்கு முதல் இரண்டு மூன்று சர்வீஸ் இலவசம். இலவசம் என்றால் எங்களுக்கு அதில் ஒரு பயனும் இல்லை. வண்டி உள்ளே நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் எரிச்சல். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இலவச சர்வீஸுக்கு வருகிறவன் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவது. கட்டத்தில் "ஜெனரல் செக்கப்" என்று மட்டும் எழுதுவது. கழுவி, ஆயில் மாற்றி, சாயங்காலத்துக்குள் சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது என்ற சட்டம் அப்போது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். மரக்காணத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் புது பிக்கப் வாங்கினார்கள். புருஷன் முன்பு கடலுக்குப் போனவர், இப்போது ஓட்டுநர். வண்டி அந்த அம்மாள் பெயரில். பேச்சும் அந்த அம்மாளுடையதுதான். அவர்கள் குப்பத்தில் பிடிக்கிற மீனைக் கரைக்கே வருகிற ஒரு வியாபாரி தான் வைத்த விலைக்கு எடுப்பது வழக்கம். அதற்கு மேல் ஒருவரும் மூச்சு விட முடியாது. இந்த அம்மாள்தான் முதலில் துணிந்து, நம் மீனை நாமே ஏற்றி விழுப்புரம் மார்க்கெட்டுக்குக் கொண்டு போவோம் என்று வண்டி எடுத்தாராம். ஐந்தாறு வீட்டு மீன் அந்த வண்டியில் வந்தது. சாவி வாங்கிய அன்றே இதையெல்லாம் என்னிடம் சொன்னார். எனக்கு அது தேவையில்லாத கதையாக இருந்தது.

முதல் இலவச சர்வீஸுக்கு வந்தபோது அந்த அம்மாள் சொன்ன முதல் வார்த்தை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது என்பது. கூலன்ட் என்று நாங்கள் சொல்கிற பச்சைத் தண்ணீர். புது வண்டியில் அது குறையவே கூடாது. ஆனால் நான் இஞ்சினைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தேன். மீன் வாடை, காலில் ரப்பர் செருப்பு, பெண்பிள்ளை. மூடியைச் சரியாகத் திருகி மூடுங்கள் என்று சொல்லிவிட்டு "ஜெனரல் செக்கப்" என்று எழுதினேன். இரண்டாவது சர்வீஸுக்கு வந்தபோதும் அதையே சொன்னார். மூடியைத் தானே திருகியதாகவும், திருகின பிறகும் குறைவதாகவும் சொன்னார். வெயில் காலத்தில் கொஞ்சம் குறையத்தான் செய்யும் என்று, எனக்குத் தெரியாத சாஸ்திரத்தைச் சொல்லி மறுபடியும் அதே இரண்டு வார்த்தையை எழுதினேன். எழுத்து அழகாக இருந்தது.

மூன்றாவது தடவை வண்டி தானாக வரவில்லை. இன்னொரு மீன் வண்டி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கூட்டேரிப்பட்டுக்கு அருகில், மீன் ஏற்றி வரும்போது புகை வந்து இஞ்சின் இறுகி நின்றுவிட்டதாம். மீனை அங்கேயே வேறு வண்டிக்கு மாற்றி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தார்கள். போர்மேன் ஆயில் அளக்கிற கம்பியை உருவிக் காட்டினார். பால் ஊற்றின டீ நிறத்தில் இருந்தது. இஞ்சின் ஹெட் கோணிக்கொண்டு, தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று அர்த்தம். வண்டி வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை. வாரண்டி இருந்தது. கம்பெனி ஒப்புக்கொண்டால் புது ஹெட், புது பாகங்கள் எல்லாம் இலவசம். இல்லாவிட்டால் அவர்களால் அந்த வண்டியை எழுப்ப முடியாது. மீன் பழையபடி கரை வியாபாரியிடம்தான் போகும். அது அந்த அம்மாளுக்கு நன்றாகத் தெரியும். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றார்.

நான் புதுக் கார்டை எடுத்துக் கார்பனை வைத்தேன். ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். எல்லாரையும் கேட்கிற கேள்விதான். பதிலும் எனக்குத் தெரியும். புருஷன், கம்பெனி கொடுத்ததுதான் என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் அவர் கையைத் தட்டினார்.

"சும்மா இரு. டாக்டருகிட்ட மறைச்சா நோவு எப்பிடித் தீரும்? ஐஸ் தண்ணிதான் சார் ஊத்தனோம்."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். மீன் பெட்டியில் ஐஸ் நொறுக்கிப் போடுவார்கள். இன்னும் சில்லிட வேண்டும் என்று அதன் மேல் இரண்டு கை உப்பைத் தூவுவார்கள். மரக்காணத்தில் உப்புக்குப் பஞ்சமா? கரைகிற தண்ணீர் ரோட்டில் ஒழுகினால் பின்னால் பைக்கில் வருகிறவர்கள் மறித்துச் சண்டைக்கு வருவதால், வண்டிக்குக் கீழே ஒரு கேனைக் கட்டி அதில் பிடிப்பார்கள். வழியில் இஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் ஏறினால், கைவசம் இருக்கிற தண்ணீர் அதுதான். சில்லென்றும் இருக்கிறது. சில்லென்ற தண்ணீர் இஞ்சினை இன்னும் நன்றாகக் குளிரவைக்கும் என்று நினைத்து அதையே ஊற்றிவிட்டார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று மாதமாக.

உப்புத் தண்ணீரை, அதுவும் மீன் கழுவின உப்புத் தண்ணீரை, கொதிக்கிற இஞ்சினில் சில்லென்று ஊற்றியிருக்கிறார்கள். இரும்பை அரிக்க இதைவிட நல்ல மருந்து கிடையாது. இந்தத் தவறை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் செய்ய முடியாது. கரும்புக்காரனிடம் ஐஸ் ஏது, மல்லாட்டைக்காரனிடம் உப்பு ஏது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த அம்மாளும் சங்கடத்தோடு கொஞ்சம் சிரித்தார், தவறைச் சொன்னால் இனி சரியாகிவிடும் என்கிற சிரிப்பு.

எனக்கு உள்ளே ஒரு குதூகலம் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு ஆள் உண்மை பேசிவிட்டாள். நான் கும்பிடு போடவில்லை. எழுதினேன். "மீன் பெட்டியிலிருந்து வடிந்த உப்பு ஐஸ் தண்ணீரை மூன்று மாதமாக ரேடியேட்டரில் ஊற்றி வந்தோம்" என்று ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதி, கீழே கோடும் போட்டேன். மூன்று பிரதியிலும் நன்றாக விழுந்திருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தேன். அவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மத்தியானம் போர்மேன் என் மேசைக்கு வந்தார். கையில் அந்த வண்டியின் வாட்டர் பம்ப். அதன் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். சீல் போய்விட்டால் தண்ணீர் அதன் வழியாகக் கசியும். துளையைச் சுற்றிப் பச்சைக் கறை படிந்து காய்ந்திருந்தது. பச்சை என்றால் கம்பெனி ஊற்றிக் கொடுத்த கூலன்ட். ஐஸ் தண்ணீர் அந்த வண்டிக்குள் போவதற்கு முன்பே, முதல் நாளிலிருந்தே பம்ப் கசிந்திருக்கிறது. அந்த வரிசையில் வந்த வண்டிகளில் இதே சீல் போய் நான்கைந்து பார்த்துவிட்டேன் என்றார் போர்மேன். தண்ணீர் குறைந்ததால்தான் அவர்கள் எதையோ ஊற்றினார்கள். முதல் குற்றம் கம்பெனியுடையது.

"இன்னாய்யா எழுதி வெச்சிக்கீற? உப்புத் தண்ணின்னு முதல் வரியில பாத்தா இன்ஸ்பெக்டரு பம்ப கையாலயும் தொட மாட்டான். இதக் கேன்சல் பண்ணிட்டு வேற கார்டு போடு. தண்ணி குறையுதுன்னுதான அந்தம்மா வந்திச்சு, அத எழுது."

போர்மேன் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை. கார்டைக் கேன்சல் செய்ய மேனேஜர் கையெழுத்து வேண்டும். கேட்டால் போட்டிருப்பார், மாதம் நான்கு கார்டு அப்படிக் கேன்சல் ஆகும். நான் மாட்டேன் என்றேன். அவர் வாயால் சொன்னது இது, மாற்ற எனக்கு உரிமை இல்லை, சட்டம் அப்படி என்றேன். மண்ணெண்ணெய்க்காரனுக்கும் கரும்புக்காரனுக்கும் அவர்கள் பொய்யை எழுதிக்கொடுத்து, வாரண்டியில் பாகங்கள் வாங்கிக்கொடுத்த அதே கைதான் இது. அதையும் போர்மேன் சொன்னார். பொய்யைப் பொய்யாக எழுதினேன், உண்மையை உண்மையாக எழுதினேன், என் வேலை அவ்வளவுதான் என்று நான் சட்டம் பேசினேன். இப்போது நினைத்தாலும் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது. அது நேர்மை இல்லை. இஞ்சின் தெரிந்தவன் எழுத்துத் தெரிந்தவனுக்குப் புத்தி சொல்வதா என்கிற திமிர்.

சென்னையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, சட்டையில் ஆயில் படாமல் இருக்க வண்டிக்கு நான்கு அடி தள்ளி நின்று பார்க்கிற பழக்கம். கார்டை வாங்கி நான் கோடு போட்டிருந்த வரியைப் படித்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது. போர்மேன் வாட்டர் பம்பை நீட்டினார். அவர் அதைப் பார்க்காமலே, உப்புத் தண்ணீர் ஊற்றினால் சீல் போகத்தான் செய்யும் என்றார். பச்சைக் கறையைக் காட்டினால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். படித்தவர் அல்லவா.

அந்த அம்மாள் அன்றைக்கு வந்து காத்திருந்தார். விஷயம் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும் நேராக இன்ஸ்பெக்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

"தண்ணி குறையுதுன்னு ரெண்டு வாட்டி இவருகிட்ட வந்து சொன்னோம் சார். இவரையே கேளுங்க."

இன்ஸ்பெக்டர் பழைய கார்டுகளைக் கேட்டார். நானே பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டிலும் "ஜெனரல் செக்கப்". அவர் என்னைப் பார்த்து, இந்த அம்மா அப்படிச் சொன்னாரா என்று கேட்டார். போர்மேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகமே இல்லாமல் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும் என்பது போல.

"கார்டுல இல்ல சார்" என்றேன்.

பொய் இல்லைதான். கார்டில் இல்லை. கேட்டது கார்டை அல்ல, என்னை. சொன்னார்கள், நான்தான் எழுதவில்லை என்று சொன்னால் என் வேலைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு திட்டு, மிஞ்சிப்போனால் ஒரு மெமோ. அதற்குப் பயந்தேன். கரும்புக்காரன் ஒரு டன் என்று பொய் சொல்லும்போது அவன் கண்ணாவது சிமிட்டும். எனக்கு அதுகூடச் சிமிட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் மூன்று பிரதியிலும் வாரண்டி செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிட நல்ல ஓட்டல் எது என்று விசாரித்துக்கொண்டு போனார். புருஷன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை, சாபம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இந்த ஜனங்களே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். தன் பிரதியை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, புருஷனை எழுப்பி அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

வண்டி எங்கள் காம்பவுண்டில் நான்கு மாதம் நின்றது. உப்புப் பட்ட தகரம் வேகமாகத் துருப்பிடிக்கும். தினமும் நான் மேசையில் உட்கார்ந்தால் எதிரே அதுதான் தெரியும். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் புருஷனும் வேறு இரண்டு பேரும் வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பழைய இரும்புக்குப் போயிற்று என்று போர்மேன் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. நானும் பேசவில்லை. பிக்கப் வண்டிக்காரர்கள் வழக்கம் போல வந்தார்கள், வழக்கம் போலப் பொய் சொன்னார்கள், நான் எழுதினேன். முன்னைப் போல அவர்களைப் பார்த்துச் சிரிக்க வரவில்லை. திட்ட மட்டும் வந்தது.

ஐந்தாறு வருடம் கழித்து எங்கள் முதலாளி திண்டிவனத்தில் ஒரு கிளை திறந்தார். என்னை அங்கே மாற்றினார்கள். அதற்குள் கார்பன் தாளெல்லாம் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. என் கையெழுத்தை வாங்க ஆளில்லை. சொன்னதைத் தட்டச்சு செய்து, தாளில் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கட்டம் மட்டும் அதே கட்டம்.

அங்கே ஒரு நாள் காலையில் ஒரு மீன் வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் முப்பது வயது மதிக்கத் தக்க ஆள். சொந்த வண்டி, இன்னும் வாரண்டியில் இருந்தது. மேசைக்கு வந்து உட்காரவில்லை. கம்ப்யூட்டர் திரை தெரிகிற மாதிரி என் பக்கமாக வந்து நின்றுகொண்டார். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, அதை முதலில் எழுதுங்கள் என்றார். எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். தேதி போடச் சொன்னார். போட்டேன். இத்தனை வருடத்தில் என்னை இப்படி ஒருவரும் வேலை வாங்கியதில்லை.

பிறகு, என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். கம்பெனி கூலன்ட் தவிர ஒரு சொட்டு வேறு தண்ணீர் படவில்லை என்று நிறுத்தாமல் ஒப்பித்தார். எதிரே வண்டியின் ரேடியேட்டர் மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது எனக்கே தெரிந்தது. இவ்வளவு விவரமாக இருக்கிறீர்களே, யார் சொல்லிக்கொடுத்தது என்று சும்மா கேட்டு வைத்தேன். இன்னொரு ஊர், இன்னொரு ஆபீஸ் என்கிற தைரியத்தில் அவர் மனம்விட்டுப் பேசினார்.

"எங்க குப்பத்துல ஒரு அக்கா கீது சார். மொத மொத வண்டி வாங்கனது அதுதான். விழுப்புரத்துல எழுதற ஆளு ஒருத்தரு, அவருகிட்ட நெசத்த சொல்லி வண்டியே பூட்ச்சு. இப்ப பழயபடி கரையில வியாபாரிகிட்டதான் மீனப் போட்டுக்கினு கீது. எங்காளுங்க யாரு வண்டி எடுத்தாலும் அது வந்து சொல்லும். கோளாறு இன்னான்றத எழுத வெச்சுப் படிச்சுப் பாரு, மத்தத எதையும் வாயத் தொறந்து சொல்லாதன்னு."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பத்தில் இப்போது எத்தனை வண்டி இருக்கிறது என்று கேட்டேன். ஒன்பது என்றார். ஒன்பது வண்டிக்காரர்களுக்கும் அந்த அம்மாள் வீடு தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறார். தனக்கு ஒரு வண்டி இல்லாமல்.

கம்பெனி கூலன்ட் மட்டுமே ஊற்றப்பட்டது என்று தட்டினேன். தாளை எடுத்து நீட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். படித்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆளு இன்னும் விழுப்புரத்துலதான் கீறாருங்களா சார்?"

"இல்ல. அவரு வேலைய விட்டுட்டுப் போய்ட்டாரு" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கி என் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.